தெரியாது மிஸி

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, தை: மன்னார் நகரில் தனியார் தொழிற்கல்லூரி ஒன்றின் கிளை திறக்கப்பட்டது. நோயாளர் பராமரிப்பு டிப்ளோமாவின் முதலாவது அணியில் அரிப்பு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி சேர்ந்தாள்.

அதே ஆண்டு, வைகாசி: நறுவிலிக்குளத்தில், எங்கள் வீட்டில், என் மனைவிக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. உடலின் வலப்பக்கம் செயலிழந்தது.

அதே ஆண்டு, ஆவணி: அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள்.

சென்ற ஆண்டு, மாசி: கல்லூரியின் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. அவளுக்குச் சான்றிதழ் வழங்கப்படவில்லை.

அதே ஆண்டு, ஆனி: என் மனைவி வீட்டிலேயே காலமானார்.

அதே ஆண்டு, ஆவணி: அவள் வவுனியாவில் அரச பயிற்சி நிலையமொன்றில், முதற்பாடத்திலிருந்து மீண்டும் படிக்கச் சேர்ந்தாள்.

நிகழ்ந்தவை இவ்வளவே.

எங்கள் பக்கத்தில் மருத்துவமனைத் தாதியரை ‘மிஸி’ என்றே அழைப்பார்கள். இவளுக்கு ஊரார் இட்ட பெயர் ‘தெரியாது மிஸி’. ஏளனமாக இட்ட பெயர் அது. அவளுடைய சொந்தப் பெயரை எழுத அவளிடம் நான் அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

‘தெரியாது’ என்ற சொல்லைப் பலர் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சிலர் கேட்டவர்மீது எரிச்சல் கொள்வார்கள். அரசாங்கக் கந்தோர்களில் அது கதவைச் சாத்துவதற்குப் பயன்படும். அவளோ, மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதைப் போல அதைச் சொல்வாள். சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். அவளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது இந்த இரண்டாவது பகுதிதான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

நான் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பித்தவன். பரீட்சைகள் நடத்தியே வாழ்ந்தவன். என் மேசைக்கு வந்த விடைத்தாள்களில் ‘இது எனக்குத் தெரியாது’ என்று எழுதிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. தெரியாத கேள்விகளுக்கே மிக நீண்ட விடைகள் வரும்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் சேரும் நாளிலேயே அவருக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிவித்துப் புகைப்படம் எடுப்பார்கள். கையில் நாடா கட்டிய ஒரு சுருள் இருக்கும், அது வெறுந்தாள். விளம்பரத்துக்கு ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சட்டமிட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பட்டப் படங்களைத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டுவது அந்தக் கரையோரக் கத்தோலிக்க வீடுகளின் மரபு. சேர்ந்த நாளின் படத்துக்கும் முடித்த நாளின் படத்துக்கும் வேறுபாடு காண அங்கே எவருக்கும் காரணம் இருக்கவில்லை. ஒரு பாடமேனும் தொடங்குமுன்பே அந்த அணியின் வீடுகளில் எல்லாரும் பட்டதாரிகள் ஆகிவிட்டார்கள்.

அவள் அந்தப் படத்தை அலுமாரியின் மேல் குப்புற வைத்தாள். தாய் அதை எடுத்துச் சுவரில் மாட்டினாள். அவள் மீண்டும் இறக்கினாள். தாய் மீண்டும் மாட்டினாள். கணவனை இழந்தபின் கருவாடு காயவைத்துப் பிள்ளையை வளர்த்த அந்தத் தாய், அவரது படகையும் இயந்திரத்தையும் விற்றே மகளை அங்கே சேர்த்திருந்தாள். ஆகவே படம் சுவரிலேயே நின்றது.

படம் நின்றதால் நோயாளர்களும் வரத் தொடங்கினார்கள்.

“மிஸிப்பிள்ளை, இந்தக் கையை ஒருக்காப் பார். பிரஷரோ தெரியேல்ல, விறைக்குது” என்று அயலில் உள்ள ஒரு முதியவர் வாசலில் வந்து கையை நீட்டினாராம். இதை அவளே என் மனைவிக்குச் சொன்னாள்.

“எனக்குத் தெரியாது பெரியப்பு. இன்னும் படிப்பிக்கேல்ல.”

“படம் தொங்குது, படிப்பிக்கேல்லையோ?”

“படம்தான் முதல் பாடம் பெரியப்பு.”

“அப்ப என்ன செய்யிறது?”

“ஓட்டோவைக் கூப்பிடுறன். சிலாவத்துறை ஆசுப்பத்திரிக்குப் போவம். நானும் வாறன்.”

“உனக்குத் தெரியாதெண்டால் நீ எதுக்கு?”

“அங்க தெரிஞ்ச ஆக்கள் என்ன செய்யினம் எண்டு பாக்க.”

முதியவர் வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார். மருந்து பெற்றுத் திரும்பினார். ‘தெரியாது மிஸி’ என்ற பெயரை முதலில் சூட்டியவரும் அவரே. மீன்வாடியடியில் அது அன்று மாலையே பரவிவிட்டது என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது யாரும் அனுப்பியல்ல. மன்னாருக்குப் போகும் பேருந்து எங்கள் வாசலைக் கடந்து செல்லும். எங்கள் சந்திக் கடைக்காரரின் பேச்சிலிருந்து, இங்கே ஒரு பெண்மணி படுக்கையில் இருக்கிறார் என்று அறிந்திருக்கிறாள். ஒரு பிற்பகல் வெள்ளைச் சீருடையோடு எங்கள் வாசற் படலையடியில் நின்றாள்.

“சேர், நான் நோயாளர் பராமரிப்புப் படிக்கிறன். ஆனா ஒரு ஆளையும் தொட்டுப் பழகேல்ல. அன்ரிக்கு விருப்பம் எண்டால் நான் வந்து பழகலாமோ? எனக்கு ஒண்டும் தெரியாது.”

நான் பதில் சொல்வதற்கு முன்பே உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அவர் தபாலதிபராக இருந்தவர். வரிசையில் நிற்பவர்களை ஒரே பார்வையில் அளக்கத் தெரிந்தவர். நோய் அவருடைய பேச்சை மெதுவாக்கியிருந்ததே தவிர, கூர் குறைக்கவில்லை.

“தெரியாதெண்டு சொல்லி... வேலை கேக்கிற ஆளை... இப்பதான் பாக்கிறன். உள்ள விடுங்கோ.”

நோயுற்றபின் அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

முதல் வாரங்களில் அவள் செய்தவை மிகக் குறைவு. கதிரையில் இருந்து பார்ப்பாள். கேட்பாள். “அன்ரி, இந்தப் பக்கம் தலையணை வைச்சால் நோகுதோ, வைக்காட்டி நோகுதோ?” என்பாள். என் மனைவி, “ரெண்டுக்கும் நோகுது, நீ கேக்கிறதுக்கும் நோகுது” என்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்நாட்களில் மாதச் சம்பளத்துக்கு வந்த வேறொரு பராமரிப்பாளர் எங்களிடம் இருந்தார், எல்லாம் தெரிந்தவர். அவருடைய பொறுப்பில் இருந்தபோதுதான் என் மனைவியின் இடுப்பில் படுக்கைப்புண் தோன்றியது. அதை முதலில் கண்டவள் இவள். “இது என்னெண்டு எனக்குத் தெரியாது சேர். ஆனா நேற்று இருக்கேல்ல” என்றாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவள் மன்னார் மருத்துவமனைக்குப் போனாள். பெண் நோயாளர் விடுதியின் சுவரோரம் நின்று, தாதியர் புண்ணைக் கழுவுவதையும் நோயாளரைப் பக்கம் மாற்றுவதையும் பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். மூன்றாம் முறை ஒரு மூத்த தாதி மறித்திருக்கிறார்.

“நீர் ஆர்?”

“பாக்க வந்தனான், மிஸி.”

“ஆரைப் பாக்க?”

“உங்களை.”

அந்தத் தாதி விரட்டவில்லை. “அப்ப ஏன் அங்க நிக்கிறீர்? இஞ்சால வாரும், அந்தப் பக்கம் வெளிச்சமில்லை” என்றாராம். அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே, “அன்ரி, இண்டைக்கு ஒண்டு தெரிஞ்சு போச்சு!” என்று கூவினாள். முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து, என் மனைவியை ஒரே அசைவில் பக்கம் மாற்றினாள். அவர் வாயிலிருந்து நோவு என்ற சொல் வரவில்லை. நான் அறை வாசலில் நின்றிருந்தேன். பின்னர் வராந்தாவுக்குச் சென்று சிறிது நேரம் அங்கே இருந்தேன்.

கல்லூரியைப் பற்றி அவள் குறைசொல்லி நான் கேட்டது அரிது. கேட்டால் மட்டும் சொல்வாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். முதல் மாதங்கள் முழுவதும் ஆங்கிலமும் ஆளுமை விருத்தியும். கைகுலுக்கும் முறை, நேர்முகத் தேர்வில் உட்காரும் முறை. உடற்கூறு கற்பிக்கவேண்டியவர் கொழும்பிலிருந்து திரையில் தோன்றுவார். மின்சாரம் நின்றால் அவரும் நின்றுவிடுவார். செய்முறைக்கு ஒரு பிளாஸ்ரிக் நோயாளி இருந்தது. அது எல்லாக் கிளைகளுக்கும் பொதுவானது. வான் வண்டியில் வந்து, ஒரு பகல் தங்கி, மாலையில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

“பெரிய டொக்டர்மார் மாதிரி அதுக்கும் நேரமில்லை அன்ரி” என்பாள்.

மருத்துவமனைப் பயிற்சி என்று வாக்களித்திருந்தார்கள். ஒரு நாள் எல்லாரையும் சீருடையில் மருத்துவமனை வாசல்வரை அழைத்துச் சென்றார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். குளிர்பானம் கொடுத்தார்கள். திருப்பி அழைத்து வந்தார்கள். உள்ளே போவதற்கு அவர்களிடம் அனுமதி எதுவும் இருக்கவில்லை.

“இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பிள்ளை நீர் விட்டுப்போட்டு வரேல்ல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“விட்டால் எங்கட அம்மான்ர முகத்தைப் பாக்கேலாது சேர். அதோட, ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு சொல்ல எனக்குக் கூச்சம். கடைசி வருசத்திலயாவது படிப்பிப்பாங்கள் எண்டு நினைச்சன்.” பிறகு சிரித்தாள். “ஒரு வருசப் படிப்பு சேர். கடைசி வருசமும் அதுதான்.”

சிரிப்பு முடிந்தபின் அவள் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு முன்னும் பின்னும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை. அவர் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு நாள் கரைக்கு வந்ததும் கால்கள் மரத்துப்போய் மணலில் விழுந்தார். அவளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

“கரையில நிண்ட எல்லாருக்கும் மருந்து தெரிஞ்சிருந்தது சேர். ஒருத்தர் சுடுமணலில கிடத்து எண்டார். ஒருத்தர் திரும்பக் கடலுக்க இறக்கு எண்டார். ஒருத்தர் சாராயம் போட்டுத் தேய் எண்டார். எல்லாம் செய்தவை. பாசத்திலதான் செய்தவை. ‘எனக்குத் தெரியாது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ’ எண்டு சொல்ல ஒரு ஆள் இருக்கேல்ல.”

இதைச் சொல்லிவிட்டு, பிழிந்து வைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு என் மனைவியின் அறைக்குள் போய்விட்டாள்.

மாசியில் பட்டமளிப்பு. நகரில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். “எனக்குப் பதிலா நீங்கள் போய் இருங்கோ. கைதட்டுங்கோ. உங்கட பல்கலைக்கழக முகத்தை வைச்சுக்கொண்டு இராதேங்கோ” என்று என் மனைவி பணித்தார். அரிப்பிலிருந்து ஒரு வான் பிடித்திருந்தார்கள். அதிலே தாயும், தாயின் தங்கையும், கோயில் மூப்பரும், அயலவர் சிலரும் வந்தார்கள். எங்கள் படலையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சித்தியின் மடியில் வாழையிலையில் சுற்றிய மாலை இருந்தது. தாய் புதுச்சேலையில் இருந்தாள். “சேர், உங்கட வீட்டிலதான் பிள்ளை எல்லாம் பழகினது எண்டு சொல்லுறாள். உங்கள் ரெண்டு பேரையும் மாதா பாத்துக்கொள்ளுவா” என்றாள். என்னிடம் அவள் பேசிய முதற் சொற்கள் அவை.

மண்டபத்தில் எங்களுக்குக் கடைசி வரிசைகளே கிடைத்தன. ஒலிபெருக்கி முன்பக்கத்தை நோக்கியிருந்தது. நிகழ்ச்சியை நடத்திய இளைஞர் முதலிலேயே அறிவித்தார்: மாணவர் ஒவ்வொருவரும் மேடையில் ஒரு வசனம் சொல்வார்; அது காணொளியாகப் பதிவாகும்; சொல்லி முடித்ததும் அனைவரும் உற்சாகமாகக் கைதட்ட வேண்டும்; அதன்பின் பிரதம விருந்தினர் சான்றிதழ் வழங்குவார். வசனத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். ‘மருத்துவமனைப் பயிற்சியுடன் எனது டிப்ளோமாவை நிறைவு செய்துள்ளேன். நோயாளரைப் பராமரிக்க நான் இன்று தகுதி பெற்றவள்.’

ஒவ்வொருத்தியாக வந்து சொன்னார்கள். கைதட்டினோம். சிலருடைய குரல் நடுங்கியது. அது மகிழ்ச்சியினால் என்றே நினைத்தேன்.

அவளுடைய முறை வந்தது. ஒலிவாங்கியின் முன் நின்று வாயைத் திறந்தாள். மூடினாள். முன்வரிசையில் இருந்த இளைஞர் வசனத்தின் முதற்சொல்லை எடுத்துக்கொடுத்தார். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு, எங்கள் வீட்டு வாசலில் கேட்ட அதே குரலில் சொன்னாள்:

“எங்களை வார்ட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போகேல்ல. ஒரு நோயாளியைப் பக்கம் மாத்திறது எப்பிடி எண்டு இஞ்ச எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்ல. பராமரிக்க எனக்கு இன்னும் தெரியாது.”

சொற்கள் எனக்குக் கேட்டன, நான் வரிசையின் ஓரத்தில் இருந்தமையால். அரிப்பு ஆட்களுக்குக் கேட்கவில்லை. தங்கள் பிள்ளை பேசி முடித்துவிட்டாள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் கைதட்டினார்கள். அன்று அந்த மண்டபத்தில் எழுந்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். மூப்பர் விசிலும் அடித்தார். தாய் கதிரையைவிட்டு எழுந்து, இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினாள்.

முன்வரிசைகள் அமைதியாக இருந்தன. அங்கிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “ஏனக்கா தட்டுறீங்கள்? உங்கட பிள்ளை தனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுது” என்றாள்.

தாயின் கைகள் அப்படியே நின்றன. பின் மெல்ல இறங்கின.

“தங்கச்சி கொஞ்சம் பதட்டப்பட்டிட்டா. திரும்பச் சொல்லுவா” என்றார் இளைஞர்.

“பதட்டமில்லை அண்ணா. சொன்னது சரி” என்றாள் அவள். விருந்தினருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அங்கியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மண்டப வாசலில் அவளுடைய தோழியொருத்தி வழிமறித்தாள். அவள் கையில் சான்றிதழ் இருந்தது. கண் சிவந்திருந்தது.

“உனக்கு வேண்டாமெண்டால் நீ வீசு. எங்கட வாயில ஏன்டி மண்ணைப் போட்டனீ? இனி இந்தத் தாளை ஆர் மதிப்பான்?”

“நான் என்னைப் பற்றித்தான் சொன்னனான்.”

“‘எங்களை’ எண்டு சொன்னாய்.”

“ஓம். சொன்னனான்” என்றாள். அந்தத் தோழிக்குக் கட்டார் நாட்டில் ஒரு வீட்டில் வேலை ஒழுங்காகியிருந்தது; சான்றிதழுக்காகவே காத்திருந்தாள். அவள்பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். தன் உண்மைக்கு மற்றவர்களும் விலை கொடுப்பார்கள் என்பதை இவள் அந்த வாசலில்தான் முதன்முதலாகக் கண்டாள். திரும்பும் வழியில் அவள் அழுதிருந்தால் அது அந்தத் தோழிக்காகவே இருந்திருக்கும். வான் வண்டிக்குள் பாட்டு இல்லை. மாலை வாழையிலைக்குள்ளேயே இருந்தது.

எங்கள் படலையில் வான் நின்றது. நான் இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

“நீ எங்க போறாய்?” என்றாள் சித்தி.

“அன்ரியைத் திருப்பிற நேரம்.”

தாய் எதிர்ப்பக்க யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே என் மனைவி விழித்திருந்தார். “தந்தவங்களோ?”

“இல்லை அன்ரி. தெரியாதெண்டு சொல்லிட்டன்.”

“என்னைத் திருப்பத் தெரியுந்தானே?”

“உங்களைத் தெரியும். வேற ஆக்களைத் தெரியாது.”

“சரி. தெரிஞ்சதைச் செய்” என்றார்.

அதன்பின் அரிப்பு வீட்டில் நடந்ததை அவள் வாயாலேயே அறிந்தேன். வீட்டில் இருப்பவர்கள் இருவர். தாயோ மகளோடு பேசுவதில்லை. சோறு ஆனதும் அடுப்பைப் பார்த்து, “சாப்பிடுறவை சாப்பிடலாம்” என்பாள். மழைக்குக் கருவாடு எடுக்கவேண்டுமென்றால் வானத்தைப் பார்த்துச் சொல்வாள். ஒரு நாள் மகள் சுவரில் இருந்த படத்தை இறக்கப் போனாளாம். அப்போது மட்டும் தாய் நேரே பேசினாள்.

“அதைத் தொடாத. அதில நிக்கிறதுதான் என்ர மகள்.”

இதை என்னிடம் சொல்லும்போது அவள் மருந்துக் குப்பிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். துடைத்த குப்பியையே மீண்டும் துடைத்தாள். “அம்மா கைதட்டினவ சேர். மேடையில இருந்து பாத்தனான். எனக்காகத் தட்டுறா எண்டு நினைச்சன். விளங்கித்தான் தட்டுறா எண்டு நினைச்சன்” என்றாள்.

வைகாசியில் என் மனைவிக்கு நெஞ்சுச்சளி கண்டது. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவினர் வந்தனர். வந்தவர் எல்லாரும் கட்டிலின் ஓரத்தில் இருந்து, சுகம் வரும், எழும்பி நடப்பீர்கள், தையில் பொங்கலுக்கு வாறம் என்றார்கள். நானும் அவ்வாறே சொன்னேன்; பலமுறை சொன்னேன். என் மனைவி கண்களை மூடிக்கொள்வார்.

ஆனியில் ஒரு பிற்பகல், அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி, அவளைப் பார்த்தார்.

“பிள்ளை. நான் எழும்புவனோ?”

“தெரியாது அன்ரி.”

“பிறகென்னதான் தெரியும் உனக்கு?”

அவள் துணியை நீரில் நனைத்துப் பிழிந்தாள். “இப்ப உங்களுக்கு வாய் காயுது. அது தெரியும்.” உதடுகளை ஒற்றினாள். “இண்டைக்கு நான் பின்னேர பஸ்ஸுக்குப் போகமாட்டன். அதும் தெரியும்.”

“அது காணும்” என்றார் என் மனைவி.

வாரக்கணக்கில் நாங்கள் எல்லாரும் முயன்று கொடுக்க முடியாதுபோன ஒன்றை அவர் பெற்றுக்கொண்டார் என்பதை முகத்தில் கண்டேன். அன்று நன்றாக உறங்கினார்.

மறுநாட் காலை அவள் கட்டிலருகே இருந்த தன் இடத்திலிருந்து எழுந்தாள். “சேர், நீங்கள் இந்தப் பக்கம் வாங்கோ. இந்தக் கையைப் பிடியுங்கோ, இதிலதான் உணர்ச்சி இருக்கு” என்று சொல்லி, இடக்கையை என் கைக்குள் வைத்தாள். சுவரோரம் போய் நின்றாள். சிறிது நேரத்தின் பின், “முடிஞ்சுதோ?” என்று கேட்டேன்.

“அதைச் சொல்ல எனக்குத் தெரியாது சேர். டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறன். அவர் வந்து சொல்லுமட்டும் கையை விடாதேங்கோ.”

மருத்துவர் வருவதற்கு நெடுநேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் நான் கையை விடவில்லை. அந்த நேரத்தை எனக்குத் தந்தவள் அவள்.

ஆவணியில் வவுனியாவுக்குப் புறப்படுமுன் விடைபெற வந்தாள். கல்லூரிக்கு எதிரான முறைப்பாட்டை நான் வரைந்திருந்தேன், வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய பகுதியில் நிறுத்தினாள்.

“‘முழுமையான திறமை உடையவர்’ எண்டு போட்டிருக்கிறியள். அதை எடுங்கோ சேர். ஒரு ஆளைத்தான் பாத்தனான்.”

“வேறென்ன போட?”

யோசித்தாள். “படிக்க வந்தவள் எண்டு போடுங்கோ. அது காணும்.”

படலைவரை போனவள் திரும்பிப் பார்த்து, தாய் ஒருநாளும் வவுனியாவுக்கு வரமாட்டா என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறிப் போனாள்.

இன்னும் செய்யப்படாதவை:

முறைப்பாட்டை அனுப்புதல். அவள் திருத்தியபடி திருத்தியாயிற்று. அணியின் ஏனைய பெண்களிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டபின்பே அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. இருவரிடமே கேட்டுள்ளேன்.

மன்னார்ப் பாலத்தடியில் புதிய அணிக்காக வைத்திருக்கும் விளம்பரப் பலகையில் அவளுடைய அங்கிப் படம் உள்ளது. அதை அகற்றுவித்தல்.

நோயாளர் கட்டிலையும் நீர்மெத்தையையும் தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொடுத்தல்.

அரிப்புக்குச் சென்று, அவளுடைய தாயின் முன் அமர்ந்து, அவரது மகள் எங்கள் வீட்டில் என்ன செய்தாள் என்பதைச் சொல்லுதல். அதை முழுவதும் கண்டவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவனே. இருமுறை பேருந்தில் ஏறி, இருமுறையும் வழியில் இறங்கிவிட்டேன். அதைச் சொல்வதானால் என் மனைவி போன அந்தக் காலையையும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாளை முதற் பேருந்தில் போகிறேன்.